உன் அப்பாவின் இடது கைக்கு நீ செய்த கீபோர்டு

கண்ணு, அம்மாதான் எழுதுகிறேன். நீ பெங்களூர் பஸ் ஏறிப் போய் ஒன்பது நாள் ஆகிறது. தினமும் போன் செய்து சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கிறாய். நானும் ஆச்சு, ஆச்சு என்கிறேன். போனில் என் வாயில் வராத ஒன்றைச் சொல்லத்தான் இந்தத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் புறப்பட்டுப் போன பிறகு, நீ மேசை மேல் இருந்த அவருடைய கீபோர்டை எடுத்தாய். ஒயரைச் சுற்றினாய். கோணிப் பையில் போட்டுப் பரண் மேல் தள்ளினாய். எதுக்குப்பா என்று கேட்டேன். "இத நான் செய்யாம இருந்திருந்தா அப்பா அன்னிக்கே பெரியப்பாகூட வாலாஜாபாத் போயிருப்பாரும்மா. அவங்க வூட்டுக்கு எதிர்லயே ஆஸ்பத்திரி இருக்குது. ரெண்டாவது தடவ வாதம் வந்தப்ப தூக்கிக்கினு ஓடியிருக்கலாம். பொழச்சிருப்பாரு" என்றாய். ஒன்பது நாளாக அதற்கு ஒரு பதிலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என் பிறந்த வீட்டில் நான்கு தறி. பள்ளிக்கூடத்தைவிடத் தறிக் குழிக்குப் பக்கத்தில்தான் எனக்கு வேலை இருந்தது. என்னைக் கட்டிக்கொண்டவரோ டைப்ரைட்டிங் மாஸ்டர். பிள்ளையார்பாளையத்தில் மாடியில் இரண்டு அறை, பதினாறு மெஷின், காலை ஆறு மணிக்கே பிள்ளைகள் வந்து தடதடவென்று அடிப்பார்கள். ஊரில் பாதிப் பேருக்கு விரல் பழக்கிவிட்டவர். ஒரு தாளில் ஒரு பிழைகூட இல்லாவிட்டால் ஓரத்தில் 'சுத்தம்' என்று எழுதுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பாராட்டமாட்டார். அதற்காகவே பிள்ளைகள் மாதக்கணக்கில் அடித்துப் பழகுவார்கள். அப்படிப்பட்டவருக்கு ஒரு காலையில் பல் விளக்கும்போது வலது பக்கம் முழுக்க விழுந்தது. நாக்கும் போனது. புத்தி கொஞ்சமும் கலங்கவில்லை, எல்லாம் புரிகிறது, வாயும் வலது கையும்தான் வராது என்று டாக்டர் சொன்னார். எல்லாம் புரிகிற மனிதர் முன்னால் எல்லாரும் அவரைப் பற்றி, அவர் அங்கே இல்லாதது போலப் பேச ஆரம்பித்தார்கள். நானும் பேசினேன். வருகிறவர்கள் என்னைப் பார்த்துத்தான், "தூங்கறாரா? சாப்பிடறாரா? வலி இருக்குதா?" என்று கேட்பார்கள். அவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்.

இடது கையால் எழுத முயன்றார். கோழி கிளறியது போல வந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார். மெஷினைக் கொண்டுவந்து வைத்தாய். அதற்கு விரல் ஓங்கி விழ வேண்டும், அந்தத் தெம்பு அவர் கையில் இல்லை. உன் கம்ப்யூட்டரில் உட்கார வைத்தாய். கூடவே வந்த கீபோர்டு ரப்பர் மாதிரி மெத்தென்று இருந்தது. அழுந்தியதா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. ஒரே எழுத்து நான்கு முறை விழும், வேண்டிய எழுத்து விழவே விழாது. நாற்பது வருஷம் பார்க்காமலே அடித்த மனிதர் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கித் திரையைப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். நான் விட்டுவிட்டேன் கண்ணு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். நீ விடவில்லை.

நீ என்ன செய்தாய் என்பதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், ஏனென்றால் நீ அதைக் குற்றமாக வைத்துக்கொண்டிருக்கிறாய். நான் அதைப் பார்த்த விதம் வேறு. முதலில் நீ கடைக்குப் போகவில்லை. பட்டு நூல் நிறுக்கிற சின்னத் தராசை என் அண்ணனிடம் இரவல் வாங்கி வந்தாய். ஒரு தட்டில் ஒரு ரூபாய்க் காசுகளை அடுக்கினாய், இன்னொரு தட்டை அப்பாவின் இடது கை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தச் சொன்னாய். எந்த விரல் எத்தனை காசைத் தூக்குகிறது என்று நோட்டில் குறித்தாய். சுண்டு விரலுக்கு ஐந்து காசு வைத்ததும் அது நடுங்கியது. நீ ஒரு காசை எடுத்தாய். உன் அப்பா உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல்களை யாராவது சோதிப்பது அதுதான் முதல் தடவை, அதுவரை அவர்தான் மற்றவர்களுக்குச் சோதித்தவர். அவருக்குச் சிரிப்பு வந்தது, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சிரித்தார்.

பிறகு அந்த நோட்டோடு மெட்ராஸில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடைகளாக ஏறி இறங்கினாய். ஒவ்வொரு பொத்தானுக்கும் கீழே தனி ஸ்பிரிங் வைத்தது வேண்டும், அழுந்தினால் டக்கென்று விரலுக்குச் சொல்ல வேண்டும் என்று தேடினாய். புதிதாக வெளிநாட்டிலிருந்து வந்தது உன் ஒரு மாதச் சம்பளம் கேட்டது. அதை வாங்கிவிடுவாய் என்று பயந்தேன். நீ வாங்கவில்லை. தினமும் கை வைக்கிற சாமான், கெட்டால் நம்ம ஊரிலேயே சரி செய்ய முடிய வேண்டும், உடைந்தால் அழாமல் இன்னொன்று வாங்க முடிய வேண்டும் என்றாய். ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்டது, செங்கல் கனம், பழுப்பேறியது, இருநூற்றைம்பது ரூபாய்க்குத் தூக்கிக்கொண்டு வந்தாய். இதற்கா இத்தனை நாள் அலைந்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அழுத்திப் பார் என்றாய். ஒன்றை அழுத்தினேன். டக் என்றது. எனக்கே இன்னொன்றை அழுத்த வேண்டும் போல இருந்தது.

அதுவும் சுண்டு விரலுக்குக் கனமாகத்தான் இருந்தது. தறி மேலே ஏற்றுகிற ஜக்கார்டு பெட்டியை ரிப்பேர் செய்கிறவர் நம் தெருக்கோடியில் இருக்கிறாரே, அவரிடம் போனாய். அந்தப் பெட்டிக்குள்ளும் ஊசிக்கு ஊசி ஒரு சின்ன ஸ்பிரிங் உண்டு, அவரே மெல்லிய கம்பியில் சுற்றுவார். நானும் கூட வந்தேன்.

"எத்தினிப்பா வேணும்?"

"நூத்தியொண்ணுண்ணா. இந்தக் கனத்துல பாதிதான் இருக்கணும்."

"நூத்தியொண்ணா? மொய் எழுதப் போறியா?" என்று சிரித்தார். பிறகு யாருக்கு என்று கேட்டார். சொன்னாய். சிரிப்பை நிறுத்தினார். "மாஸ்டருக்கா? எம் பொண்ணு அவருகிட்டதாம்பா லோயர் பாஸ் பண்ணிச்சு. மூணு நாள்ல வந்து எடுத்துக்கோ" என்றார்.

நூற்றியொரு பொத்தானையும் கழற்றி, ஈயத்தை உருக்கி, ஒவ்வொன்றாகத் திறந்து ஸ்பிரிங் மாற்றினாய். வலது ஓரத்தில் எட்டாத எழுத்துகளை மட்டும் நடுவுக்குக் கொண்டுவந்தாய், மற்றதை அப்பாவின் விரல் ஞாபகத்துக்கே விட்டுவிட்டாய். எல்லாவற்றையும் மாற்றி உன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. உனக்கு ஒரு குடும்பம் வரும்போதும் இப்படியே இரு. எதைத் தொட வேண்டும் என்பதைவிட எதைத் தொடாமல் விட வேண்டும் என்று யோசித்தாயே, அந்தக் குணம் எங்களிடமிருந்து வந்ததில்லை, நீயாகத் தேடிக்கொண்டது.

இனி என் கதை. உனக்குப் பெங்களூர் வேலை உறுதியான வாரம், வாலாஜாபாத்திலிருந்து உன் பெரியப்பா போன் செய்தார். "ஏம்மா, பையனும் போயிடுவான், நீ ஒண்டியா எப்படித் தூக்கி எறக்குவ? ஞாயித்துக்கெழம வந்து தம்பிய இட்டுக்கினு போயிடறேன். நீயும் வந்துடு. என்னா சொல்ற?" என்றார். நல்ல மனிதர், பாசத்தில்தான் கேட்டார். நான், "சரி மாமா, அவருக்கும் சம்மதந்தான்" என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா பக்கத்து அறையில் இருந்தார். நான் கேட்கவில்லை. உன்னிடம் மட்டும், அவரே முடிவு பண்ணிவிட்டதாகச் சொன்னேன். நீ, "அப்பா வாயால வரட்டும்மா, ஞாயித்துக்கெழமைக்குள்ள கீபோர்டு ரெடி ஆயிடும்" என்றாய். புதன்கிழமை முடித்தும் விட்டாய். அன்று மாலை அவர் முதல் முதலாக 'தண்ணீர்' என்று அடித்தார். நான் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். பிறகு 'குடிக்க இல்லை. செடிக்கு' என்று அடித்தார்.

வியாழக்கிழமை நீ வேலைக்குப் போன பிறகு அவர் அடித்துக்கொண்டே இருந்தார். டக் டக் என்று வீடு முழுக்கச் சத்தம். நான் தறி வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் மரமோ இரும்போ சத்தம் போட்டால், அது எண்ணெய் கேட்கிறது என்று அர்த்தம். மிதிக்கிற கட்டை கத்தினால் ஒரு சொட்டு விடுவோம், பேசாமல் போய்விடும். பாவம், பழைய சாமான், ஆபீஸில் யாரும் கவனிக்காமல் காய்ந்து கிடந்திருக்கிறது என்று நினைத்தேன். மதியம் அவர் கண்ணயர்ந்ததும் தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் எடுத்து, கோழி இறகால் தொட்டு ஒவ்வொரு இடுக்கிலும் விட்டேன். இறகு போதவில்லை என்று கரண்டியாலும் விட்டேன். சத்தம் நின்றது. எனக்கு எவ்வளவு திருப்தி தெரியுமா! நீ வந்து மெச்சுவாய் என்று இருந்தேன்.

அவர் எழுந்து வந்து உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினார். அது மேலே எழும்பவில்லை. திரை முழுக்க ஒரே எழுத்தாக ஓடியது. அடுத்ததை அழுத்தினார், அதுவும் ஒட்டிக்கொண்டது. விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். நீ சாயங்காலம் வந்து தலையில் கை வைத்துக்கொண்டாய்.

"எவ்ளோம்மா ஊத்தின?"

"ரெண்டு கரண்டிதான்பா."

"ரெண்டு கரண்டியா? தோச சுட்டியாம்மா அதுல?"

உன் அப்பா சிரித்துவிட்டார், நீயும் சிரித்துவிட்டாய். நான் சிரிக்கவில்லை, நீங்கள் இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன். எண்ணெய் விட்டது சத்தியமாகத் தெரியாமல் செய்தது. ஆனால் அது நின்றுபோய் அவர் கையை மடியில் வைத்துக்கொண்ட அந்த நிமிஷம், என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இனி ஞாயிற்றுக்கிழமை அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. நான் சொன்ன பொய் வெளியே வராது. தூக்கவும் துடைக்கவும் இன்னும் இரண்டு கை கிடைக்கும், நான் கொஞ்சம் படுக்கலாம். புருஷன் வாய் திரும்பவும் அடைத்துப்போனதில் ஒரு பெண்டாட்டி ஆறுதல் பட்டாள் கண்ணு. அதை யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை.

நீ இரண்டு நாள் லீவு போட்டாய். மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கி, பஞ்சில் தொட்டுத் தொட்டு நூற்றியொன்றையும் மறுபடி திறந்து துடைத்தாய். மேல் மூடிகளைச் சோப்புத் தண்ணீரில் அலசி என் முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தாய். எதிர் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "என்னாக்கா, வடாம் சதுரமா போட்டுக்கினு இருக்கே? புள்ள கண்டுபிடிச்ச புது வகையா?" என்று கேட்டாள். நீ என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. கடைசி மூடியைப் பொருத்தும்போது மட்டும், "சத்தம் போட்டாத்தாம்மா இதுக்கு உடம்பு நல்லா இருக்குதுன்னு அர்த்தம்" என்றாய். நான் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் பெரியப்பா வேனோடு வந்துவிட்டார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி துணிமணியெல்லாம் எடுத்து வெச்சாச்சா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். உன் அப்பா மேசைப் பக்கம் நாற்காலியைத் திருப்பச் சொல்லிக் கை காட்டினார். டக், டக் என்று ஒவ்வொன்றாக விழுந்தது. பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "நா... ன்... வ... ர... வில்லை. டேய், மெஷினு தப்பா அடிக்குதா பாரு."

"மெஷினு கரெக்டா இருக்குது பெரியப்பா. அடிக்கறது அப்பாதான்."

அடுத்து, 'என்னை யார் கேட்டீர்கள்' என்று வந்தது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். "எட்டு மாசமா வாயத் தொறக்கல. தொறந்ததும் அண்ணனத்தான் திட்டறான் பாரு" என்று சொல்லிவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பிக்குச் சம்மதம் என்று சொன்னது இவள்தான் என்று அவர் காட்டிக்கொடுத்திருக்கலாம். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காபியைக் குடித்தார்.

அதோடு முடிந்தது என்று நீ நினைத்தாய், வாசலுக்குப் போய் வேன்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. இந்தக் கடிதமே அதற்காகத்தான். உன் அப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தார். பெரியப்பா படிக்க வந்தார், கை காட்டி அவரை நிறுத்தினார். நான் படிக்க வேண்டுமாம். எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'உனக்கு எங்கே இருக்க வேண்டும்.' இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு கேள்வி அவர் என்னைக் கேட்டதில்லை கண்ணு. வாய் இருந்த காலத்தில் கேட்டதில்லை. நான் அழுதுகொண்டே, "என்னால முடியலங்க. உங்களத் தூக்கித் தூக்கி இடுப்பு வுட்டுப்போச்சு. நான்தான் மாமாகிட்ட சரின்னு சொன்னேன்" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர், 'தூக்க ஒரு ஆள் வைத்தால்' என்று அடித்தார். நான், "ஆள் இருந்தா இங்கியே இருக்கலாம்" என்றேன். 'யோசித்துச் சொல்' என்று அடித்தார். யோசித்தேன். அவருடைய அண்ணன் வீடுதான் என்றாலும் அங்கே நான் ஒரு ஓரமாகத்தான் நிற்க வேண்டும். அதையும் யோசித்தேன். "இங்கியே இருக்கலாம்" என்று இரண்டாம் தடவையும் சொன்னேன்.

ஆகவே அவரை இந்த வீட்டில் வைத்துக்கொண்டது உன் கீபோர்டு இல்லை. நான். நான் போகலாம் என்று சொல்லியிருந்தால் அவர் வந்திருப்பார், அதற்காகத்தான் கேட்டார். வாலாஜாபாத் போயிருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. இல்லை என்று உன்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்லமாட்டேன், ஒரு பொய் சொல்லிப் பட்டது போதும். ஆனால் பழி வேண்டும் என்றால் அது முதலில் என் வாசலுக்கு வர வேண்டும். என்னைப் பழிப்பாயா? மாட்டாய், எனக்குத் தெரியும். என் மேல் போடாததை நீ ஏன் சுமக்கிறாய்?

அதற்குப் பிறகு பதினோரு மாதம் அவர் பேசினார். என்ன பேசினார் என்கிறாயா? குழம்பில் உப்பு இல்லை என்றார். எதிர் வீட்டு ரேடியோவைக் குறைக்கச் சொல் என்றார். கருட சேவைக்குக் கூட்டிக்கொண்டு போ என்று அடம் பிடித்தார். தூக்குகிற ஆளோடு நாற்காலியில் வைத்துக் கொண்டுபோனோம். திரும்பி வந்து, வெயிலில் நிறுத்திவிட்டாய் என்று என்னையே குறை சொன்னார். சண்டை போட்டோம். நான் வாயால், அவர் விரலால். நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் என் கோபம் ஆறிவிடும், அது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. அவர் எழுதியதைப் படித்துப் படித்துத்தான் எனக்கு இவ்வளவு எழுத வந்திருக்கிறது. ஒரு நாள் உன்னைப் பற்றிக் கேட்டேன், பையன் செய்து கொடுத்தது எப்படி இருக்கிறது என்று. 'டைப்ரைட்டர் ஆகாது' என்று முதலில் அடித்தார், அவர் குணம்தான் தெரியுமே. கொஞ்சம் பொறுத்து, 'ஆனால் வேலை சுத்தம்' என்று அடித்தார். நீ போன் செய்யும்போது அவரால் சொல்ல முடியவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். இப்போது வாங்கிக்கொள்.

இன்னொன்று. நேற்று ஓரிக்கையிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். துக்கம் கேட்க வந்தவள் கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், ஐந்து மாதமாக அதே மாதிரி, வாய் வராது. "உங்க வூட்டுக்காரரு பெட்டில அடிச்சிப் பேசுவாராமே, அது எங்க கெடைக்கும்க்கா?" என்று கேட்டாள். கடையில் கிடைக்காது, என் மகன் செய்வான் என்று உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். திரும்பவும் கேட்காமல் சொல்லிவிட்டேன் பார். ஆகவே இப்போது கேட்கிறேன்: செய்வாயா? மனமில்லை என்றால் இல்லை என்று எழுது, அந்த அம்மாளிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

செய்வதானால் தெரிந்துகொள்ள: அந்த வாத்தியாருக்கு இடது பக்கம்தான் விழுந்தது, வலது கை இருக்கிறது. டைப்ரைட்டிங் தெரியாது, பார்த்துத்தான் அடிக்க வேண்டும், அதனால் எழுத்து பெரிதாக இருக்கட்டும். இன்று காலை பஸ் பிடித்து ஓரிக்கைக்குப் போனேன். தராசும் காசும் எடுத்துக்கொண்டுதான் போனேன், விரல் விரலாக எழுதியிருக்கிறேன். அவர் கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்ததையும் இதோடு மடித்து வைத்திருக்கிறேன். நடு விரல் முழுக்க நீளவில்லை, அந்த இடத்தில் கோடு வளைந்திருக்கும். நான் தப்பாக வரையவில்லை. அவர் விரலே அப்படித்தான்.

அம்மா